சாம்பல் நிற வரிகள்

ஆடி மாதம் பிறந்தால் என் வீட்டுக்கு ஒரு சிறு புத்தகம் வந்து சேரும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்கு இருபது ஆண்டுகளாக நடுவராக இருந்து வருகிறேன். அந்தப் புத்தகம் அவ்வாண்டுக்கான விதிநூல். முந்தைய ஆண்டிலிருந்து மாறிய வரிகள் மட்டும் அதில் சாம்பல் நிறப் பின்னணியில் அச்சாகியிருக்கும். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் தேடுவது அந்த வரிகளைத்தான். சில ஆண்டுகளில் அவை ஐந்தாறு இடங்களுக்கு மேல் இருப்பதில்லை. ஆனால், அவற்றுள் ஏதேனும் ஒன்று எங்கோ ஒரு சிறுவனுக்கு நேர்ந்ததன் விளைவாக எழுதப்பட்டிருக்கும் என்பதை அனுபவம் எனக்குக் கற்பித்திருக்கிறது.

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் வேறு, அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. இங்கு முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், முன்னோக்கி எறியலாம். அணிக்குப் பதினொருவர். நூறு கெஜ நீளத் திடலின் இரு முனைகளிலும் பத்துப் பத்து கெஜத்தில் இலக்குப் பகுதிகள் இருக்கும். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அவற்றுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். தவறினால் பந்து எதிரணிக்குப் போகும். பந்தோடு ஓடுபவரைக் கட்டிப் பிடித்துக் கீழே வீழ்த்துவதே தடுப்பவரின் வேலை. பாடிப் போனவரைப் பிடித்து மடக்கும் நம் கபடியை அறிந்தவர்களுக்கு இதன் அடிப்படை உணர்ச்சி அந்நியமாகத் தோன்றாது. ஆனால், இங்கே தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த உடல்கள் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுகின்றன.

நாடு முழுவதும் சுமார் 14 ஆயிரம் பள்ளிகளில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இதை ஆடுகிறார்கள். இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை இரவுகளில் சிற்றூர்களின் மொத்த மக்கள்தொகையும் பள்ளித் திடலின் விளக்கொளியில் கூடிவிடும். நம் ஊர்த் திருவிழாவுக்கு நிகரான ஒரு கூட்டு மகிழ்ச்சி அது. அந்த மகிழ்ச்சிக்கு நடுவே கறுப்பு வெள்ளைக் கோடுபோட்ட சட்டையுடன் பெரும்பாலும் ஐந்து பேர் நிற்போம். தலைமை நடுவருக்கு வெள்ளைத் தொப்பி. மற்ற நால்வருக்கும் கறுப்பு. இடுப்பில் ஒரு மஞ்சள் துணி செருகியிருக்கும். விதி மீறப்பட்டால் அதைத் தரையில் எறிய வேண்டும். எறிந்த நொடியில் திடலின் பாதிப் பேருக்குப் பகைவராகிவிடுவோம்.

இந்த விதிகளை வகுப்பது மாநில உயர்நிலைப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு. அதன் கால்பந்து விதிக்குழு ஆண்டுதோறும் ஜனவரியில் இண்டியானாபோலிஸ் நகரில் கூடும். மாநிலங்களிலிருந்து வரும் முன்மொழிவுகளை அது விவாதித்து வாக்கெடுப்புக்கு விடும். ஏற்கப்பட்டவை கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவின் ஒப்புதலுக்குப் பின் அவ்வாண்டு ஆட்டப் பருவத்தில் நடைமுறைக்கு வரும். பெரும்பாலான மாநிலங்கள் இவ்விதிகளையே பின்பற்றுகின்றன. டெக்சாஸ் மட்டும் நெடுங்காலமாகக் கல்லூரி ஆட்ட விதிகளைச் சில மாற்றங்களோடு தன் பள்ளிகளுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறது. கோடையில் நடுவர்களாகிய நாங்கள் கூட்டங்களில் அமர்ந்து புதிய வரிகளைப் பாடமாகக் கேட்டு, தேர்வும் எழுதுவோம். நரைத்த தலையுடன் தேர்வு எழுதுவதைப் பார்த்து என் பிள்ளைகள் சிரித்ததுண்டு.

விதிகள் ஏன் மாறுகின்றன? ஆட்டம் நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சில மாறுகின்றன. ஆடுபவர் உயிரோடும் உடல்நலத்தோடும் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகச் சில மாறுகின்றன. முதல்வகை மாற்றங்களைப் பற்றிப் பார்வையாளர்கள் நிறைய விவாதிப்பார்கள். இரண்டாம் வகை மாற்றங்களைத்தான் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது.

அந்த வரலாறு 1905-இல் தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டில் மட்டும் இந்த ஆட்டத்தில் 18 பேர் இறந்ததாகச் சிகாகோ நாளேடு ஒன்று கணக்கிட்டு வெளியிட்டது. அவர்களுள் பலர் பள்ளி மாணவர்கள். வீரர்கள் கைகோத்துக் கூட்டமாகத் திரண்டு எதிரணியின் ஒற்றை மனிதரை நோக்கிப் பாய்ந்த காலம் அது. ஆட்டத்தையே தடைசெய்ய வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை அந்த அக்டோபரில் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் புதிய விதிகள் வந்தன. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. முன்னேற வேண்டிய தொலைவு ஐந்து கெஜத்திலிருந்து பத்தாக உயர்ந்தது. இரு அணிகளுக்கும் நடுவே பந்தின் நீள அளவுக்கு ஓர் இடைவெளி கட்டாயமாக்கப்பட்டது.

இன்று அமெரிக்கக் கால்பந்து என்றதும் எல்லோர் கண்முன்னும் வருவது உயர எறியப்பட்டுச் சுழன்று பறக்கும் பந்துதான். அந்த அழகு, ஆட்டத்தை அழகாக்க வேண்டும் என்பதற்காக வந்ததன்று. ஒரே இடத்தில் குவிந்து நசுங்கும் உடல்களைத் திடல் முழுவதும் பரப்பிவிட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. பாதுகாப்புக்காக விதியை மாற்றினால் ஆட்டம் செத்துவிடும் என்று ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் 1906-ஐத்தான் நினைவூட்டுவேன்.

இரண்டாவது திருப்பம் 1976. அதற்கு முந்தைய கதை விந்தையானது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோல் தலைக்கவசங்கள் மறைந்து, கெட்டியான பிளாஸ்டிக் கவசங்களும் முகக்கம்பிகளும் பரவின. மண்டையோடு முன்னைவிட நன்றாகப் பாதுகாக்கப்பட்டது. தனக்கு அடிபடாது என்ற துணிவில் ஆட்டக்காரர் தலையையே ஆயுதமாக்கத் தொடங்கினார். தலையைத் தாழ்த்தி ஈட்டிபோல எதிராளியின் மார்பில் பாய்வதைப் பயிற்றுநர்களே கற்றுக்கொடுத்தார்கள். காப்பதற்காக வந்த கவசம் தாக்குவதற்கான கருவியாயிற்று. 1968-இல் மட்டும் ஆட்டக் காயங்களால் 36 பேர் இறந்தார்கள். இறக்காதவர்களில் சிலர் கழுத்தெலும்பு முறிந்து, கை கால்கள் செயலிழந்து வாழ்ந்தார்கள்.

தலைக்கவசம் மண்டையைக் காக்கும், கழுத்தைக் காக்காது. தலை குனிந்திருக்கும்போது கழுத்தெலும்புகளின் இயல்பான வளைவு நேராகிவிடுகிறது. அந்த நிலையில் உச்சந்தலையில் விழும் அடியின் விசை முழுவதும் எலும்புகளின் மேல் இறங்கும். பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர் ஜோசப் டார்க் இதை ஆராய்ந்து, கழுத்துக் காயங்களுக்கென ஒரு தேசியப் பதிவேட்டையும் ஏற்படுத்தினார். 1976-இல் பள்ளி, கல்லூரி ஆகிய இரு நிலைகளிலும் விதி மாறியது. தடுப்பதிலும் வீழ்த்துவதிலும் தலையாலோ முகத்தாலோ முதலில் மோதுவது குற்றமாயிற்று.

விளைவு என்ன? கை கால்கள் நான்கும் செயலிழந்தவர்கள் அப்பதிவேட்டின்படி 1976-இல் 34 பேர், அடுத்த ஆண்டே அந்த எண்ணிக்கை 18 ஆகக் குறைந்தது, 1984-இல் ஐந்தாயிற்று. 1990-ஆம் ஆண்டில், கணக்கெடுப்புத் தொடங்கிய 1931-க்குப் பிறகு முதன்முறையாக, ஆட்டக் காயத்தால் நேரடியாக இறந்தவர் எந்த நிலையிலும் ஒருவர்கூட இல்லை. தலைக்கவசங்களுக்குத் தரநிர்ணயம் வந்ததும், மருத்துவ வசதிகள் வளர்ந்ததும் இதற்குத் துணைசெய்தன என்பது உண்மையே. ஆயினும், விதிநூலின் சில வரிகளும் அவற்றை நடைமுறைப்படுத்திய மஞ்சள் துணிகளும் இத்தனை கழுத்துகளைக் காப்பாற்றின என்பதை எண்ணும்போது, இந்தச் சட்டையை அணிவதில் எனக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது.

ஆனால், என் சொந்த அனுபவத்தில் பெருமிதம் கொள்ள முடியாத ஓர் இரவும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

2008 அக்டோபர். நான் பக்கக்கோட்டு நடுவராக இருந்தேன். தடுப்பணியில் ஆடிய ஒரு சிறுவன், ஓடிவந்த எதிராளியோடு மோதி விழுந்தான். விதிமீறல் எதுவும் இல்லை. மோதல் சுத்தமாகத்தான் இருந்தது. அவன் எழுந்தான், எழுந்தவன் ஒரு கையைத் தரையில் ஊன்றி, தரை அங்கேதான் இருக்கிறதா என்று சோதிப்பவன்போலச் சிறிது நேரம் நின்றான். "சரியாக இருக்கிறாயா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான். அந்த வயதில் எல்லாச் சிறுவர்களும் தலையை ஆட்டுவார்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் வட்டமாகக் கூடியபோது, அவன் எதிரணியின் வட்டத்தில் போய் நின்றான். யாரோ சிரித்தார்கள்.

நான் வெள்ளைத் தொப்பிக்காரரிடம் சொன்னேன். அவர் பயிற்றுநரிடம் சொன்னார். பயிற்றுநர் அவனை வெளியே அழைத்து, விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திரும்ப அனுப்பினார். அன்றைய விதி எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆட்டக்காரர் நினைவிழந்தாரா, அல்லது நினைவிழந்தவராகத் தோன்றினாரா? அவன் நினைவிழக்கவில்லை, நின்றுகொண்டிருந்தான். எனவே, அவனை வெளியே நிறுத்த எனக்கு அதிகாரம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆட்டம் முடியும்வரை அவன் ஆடினான். அதன் பிறகு பல வாரங்கள் வெளிச்சத்தையும் எழுத்தையும் பார்க்க முடியாமல் இருட்டறையில் கிடந்தான் என்றும், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்தபின்தான் பள்ளிக்குத் திரும்பினான் என்றும் பின்னாளில் அறிந்தேன். அவன் மீண்டும் இந்த ஆட்டத்தை ஆடவில்லை. விதியை மீறாமலேயே தவறு செய்ய முடியும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த இரவில்தான்.

அந்தச் சமயத்தில் நாட்டின் மறுகோடியில் ஒரு சட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. 2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது சாக்கரி லிஸ்டெட் தலையில் அடிபட்டுச் சற்று ஓய்வெடுத்தபின் மீண்டும் களமிறங்கினான்; ஆட்டம் முடிந்ததும் திடலிலேயே சரிந்தான். மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டு, மீண்டும் பேசவும் நடக்கவும் நெடுங்காலம் போராட வேண்டியதாயிற்று. அவன் பெயரால் 2009-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாக ஐயம் தோன்றினாலே இளம் ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும், மருத்துவத் துறையினரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றித் திரும்ப அனுமதிக்கக் கூடாது என்றது. 2014-க்குள் 50 மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன.

எங்கள் விதிநூலில் அந்தச் சாம்பல் நிற வரிகள் 2010-இல் வந்தன. மூளை அதிர்ச்சிக்குரிய அறிகுறியோ நடத்தையோ தென்படும் எந்த ஆட்டக்காரரையும் உடனே வெளியேற்ற வேண்டும். தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் ஒப்புக்கொள்ளும்வரை அவர் திரும்பக் கூடாது. நினைவிழந்தாரா என்ற பழைய கேள்வி போய்விட்டது. தலைவலி, தலைச்சுற்றல், குழப்பம், தடுமாற்றம் ஆகியவை அதன் இடத்துக்கு வந்தன. எதிரணியின் வட்டத்தில் போய் நிற்கும் சிறுவனும் அந்த வரிக்குள் அடங்கிவிட்டான். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

விதி எனக்குத் தந்தது துணிவை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நானே வெள்ளைத் தொப்பி அணிந்திருந்த ஓர் ஆட்டத்தில், பந்தை எறியும் முக்கிய ஆட்டக்காரன் விழுந்து எழுந்து, நான் கேட்ட கேள்விக்கு இரண்டு முறை ஒரே பதிலைச் சொன்னான். நான் அவனை வெளியே அனுப்பினேன். தோற்றால் அந்த அணியின் பருவமே அன்றோடு முடிந்துவிடும். பயிற்றுநர் என் முகத்துக்கு நேரே வந்து, "நீ என்ன மருத்துவனா?" என்று கத்தினார். "இல்லை. அதனால்தான் அவனை மருத்துவரிடம் அனுப்புகிறேன்" என்றேன். அந்த அணி தோற்றது. வண்டி நிறுத்துமிடம்வரை சிலர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். அவனுக்கு உண்மையிலேயே மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை. நோயைக் கண்டறியும் பொறுப்பை அந்த விதி நடுவரிடம் சுமத்தவில்லை. ஐயத்தின் பலனை ஆட்டத்துக்குக் கொடுக்காமல் சிறுவனுக்குக் கொடு என்று மட்டுமே சொல்கிறது.

அதன் பின் வந்த மாற்றங்கள் பலவும் இதே வழியில் செல்கின்றன. 2014-இல், எதிராளியின் தோளுக்கு மேற்பட்ட பகுதியைக் குறிவைத்துத் தாக்குவது தனிக் குற்றமாக வரையறுக்கப்பட்டது. தற்காத்துக்கொள்ள இயலாத நிலையில் உள்ள ஆட்டக்காரர் யார் என்பதும் வரையறுக்கப்பட்டது. 2017-இல், எதிராளியின் பார்வைக்கு அப்பாலிருந்து வந்து, கைகளை விரித்துத் தள்ளாமல் உடலால் பலமாக மோதுவது தடைசெய்யப்பட்டது. 2019-இல், ஓடுபவரின் சட்டைக் கழுத்தைப் பின்னாலிருந்து பற்றி இழுப்பதற்கான தடை, சட்டையில் பெயர் எழுதும் பகுதிக்கும் விரிந்தது. ஓடுபவரைக் காலால் இடறிவிடுவதும் குற்றமாயிற்று. 2022-இல், நெருக்கடியில் சிக்கிப் பக்கவாட்டில் விலகி ஓடிய எறியாளர், அடிபடுவதைத் தவிர்க்கப் பந்தை வெறுமனே எறிந்துவிடுவதற்கு வரம்புக்குட்பட்ட அனுமதி கிடைத்தது. தொழில்முறை ஆட்டத்தில் வளர்ந்த ஆண்களுக்கு முன்பே இருந்த அந்தச் சலுகை, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அதுவரை இல்லை.

2017-இன் மாற்றம் எப்படி வேர்பிடித்தது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். எதிர்பாராத திசையிலிருந்து மோதி ஒருவரைத் தூக்கி எறிவது அதுவரை கைதட்டல் வாங்கிய சாகசம். முதல் பருவத்தில் மஞ்சள் துணியை எறிந்தபோதெல்லாம் அரங்கமே எங்களைத் திட்டியது. துணி விழுந்ததைக் கண்ட சிறுவர்கள் திகைத்து நின்றார்கள். அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டதையே அவர்கள் செய்திருந்தார்கள். இரண்டாம் பருவத்தில் பயிற்றுநர்கள் கற்பிக்கும் முறையை மாற்றினார்கள். சில ஆண்டுகளில் அந்த மோதல் ஏறத்தாழ மறைந்துவிட்டது. விதி மாறியதும் ஆட்டம் மாறிவிடுவதில்லை. தண்டனை உறுதி என்று தெரிந்தபின் கற்பிப்பவர் மாறுகிறார். அதன் பிறகுதான் ஆடுபவர் மாறுகிறார். இடைப்பட்ட காலத்து வசவு நடுவரின் பங்கு.

நியாயத்துக்கான மாற்றங்களும் எங்கள் பணியை எளிதாக்கியிருக்கின்றன. முன்பு நடுவர் பந்து தயார் என்று விசில் ஊதியபின் 25 வினாடிகளுக்குள் ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். ஒரு நடுவர் விரைந்து ஊதுவார். இன்னொருவர் நிதானமாக ஊதுவார். ஆட்டத்தின் வேகமே நடுவரின் குணத்தைப் பொறுத்ததாக இருந்தது. 2019-இல், பெரும்பாலான சமயங்களில் முந்தைய ஆட்டம் முடிந்த நொடியிலிருந்தே 40 வினாடிகள் எண்ணப்படும் என்று மாறியது. எங்கள் அதிகாரத்தில் சிறிதளவு பறிபோனது. அதற்காக நாங்கள் மகிழ்ந்தோம்.

2023-க்கு முன், பந்து வைத்திருக்கும் அணி தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் எதிராளியைப் பிடித்து நிறுத்தும் குற்றத்தைச் செய்தால், குற்றம் நடந்த இடத்திலிருந்தே பத்து கெஜத் தண்டனை எண்ணப்பட்டது. ஏழு கெஜம் பின்னால் நடந்த குற்றத்துக்கு மொத்த இழப்பு பதினேழு கெஜம். இது ஒரே குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை என்று பலகாலம் முறையிட்டோம். இப்போது இத்தகைய குற்றங்களுக்குத் தொடக்கக் கோட்டிலிருந்து எண்ணுகிறோம். 2025-இல் வந்த மாற்றம், கைநழுவிய பந்து முன்னோக்கி உருண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினால், அது நழுவிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்கிறது. பிழையால் ஒருவர் முன்னேறிவிடக் கூடாது என்பது அதன் தர்மம்.

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் குறைகள் தீர்ந்துவிடவில்லை. தலையைக் குறிவைத்த தாக்குதலா, தற்செயலான மோதலா என்பதை ஒரு கண்ணிமைப் பொழுதில் முடிவு செய்கிறோம். கல்லூரி ஆட்டத்தில் அத்தகைய தீர்ப்பைக் காணொளியில் திரும்பப் பார்த்துச் சரிசெய்யலாம். பள்ளி ஆட்டத்தில், மாநில அளவிலான இறுதிக்கட்டப் போட்டிகளுக்கு மாநிலங்கள் விரும்பினால் காணொளியைப் பயன்படுத்த 2019-இல் இடமளித்தார்கள். மற்ற வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கண்களே காணொளி. நான் எறிந்திருக்கக் கூடாத துணிகளும் உண்டு. எறியாமல் விட்ட துணிகளும் உண்டு. பின்னவைதான் உறக்கத்தைக் கெடுக்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. விதிமீறல் எதுவும் இன்றியே, முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் தலைகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறிது சிறிதாக அதிர்கின்றன. அறிகுறி காட்டாத இந்தச் சிற்றடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து மூளையைச் சிதைக்கக் கூடும் என்று மருத்துவ உலகம் எச்சரிக்கிறது. இதற்கு நான் எறியக்கூடிய துணி என்னிடம் இல்லை. அந்த அடிகளில் பெரும்பகுதி வெள்ளிக்கிழமை இரவில் விழுபவையும் அல்ல. வார நாள்களின் பயிற்சியில் விழுபவை. பயிற்சித் திடலில் நடுவர் கிடையாது. முழுவேக மோதல் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள்களுக்கும், நாளொன்றுக்கு 30 நிமிடங்களுக்கும் மிகாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கூட்டமைப்பின் பணிக்குழு 2014-இல் பரிந்துரைத்தது. நல்ல பரிந்துரை. ஆனால், அதன் நிறைவேற்றம் பயிற்றுநரின் மனசாட்சியையும் மாநிலச் சங்கத்தின் கண்டிப்பையும் பொறுத்தது. அடுத்து வரவேண்டிய சாம்பல் நிற வரிகள் ஆட்டத்தைப் பற்றியவை மட்டுமல்ல, பயிற்சியைப் பற்றியவையும்தான் என்பது என் கருத்து.

இன்னொரு கவலை, விதியை நடைமுறைப்படுத்தும் மனிதர்களைப் பற்றியது. 2018-19 பருவத்துக்குப் பின் நாடு முழுவதும் பல்வேறு பள்ளி விளையாட்டுகளின் நடுவர்களில் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர் விலகிவிட்டதாகக் கூட்டமைப்பு தெரிவித்தது. பெருந்தொற்று ஒரு காரணம். பெற்றோரும் பார்வையாளர்களும் பொழியும் வசவு இன்னொரு காரணம். எங்கள் பகுதியில் நடுவர்கள் கிடைக்காமல் வெள்ளிக்கிழமை ஆட்டங்களை வியாழனுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஐவர் பார்க்க வேண்டிய திடலை நால்வர் பார்த்தால், எதிரணியின் வட்டத்தில் போய் நிற்கும் சிறுவனைக் காண ஒரு ஜோடிக் கண் குறைகிறது. நடுவரைத் திட்டி விரட்டுபவர் தம் பிள்ளையின் காவலர்களில் ஒருவரை விரட்டுகிறார்.

இங்கு வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது ஆங்காங்கே இந்த ஆட்டத்தில் சேர்கிறார்கள். "விடலாமா, அண்ணா?" என்று தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. ஆம் என்றோ இல்லை என்றோ நான் சொல்வதில்லை. மூன்று கேள்விகளைக் கேட்டு வரச்சொல்வேன். வாரத்தில் எத்தனை நாள் முழுவேகத்தில் மோதவிடுகிறார்கள்? திடலோரத்தில் பயிற்சிபெற்ற மருத்துவப் பணியாளர் இருக்கிறாரா? தலையில் அடிபட்ட பிள்ளையை மீண்டும் களமிறக்குவது யாருடைய முடிவு? மூன்றாவது கேள்விக்குப் பயிற்றுநர் 'என்னுடைய முடிவு' என்று சொன்னால், அந்த அணியில் சேர்க்க வேண்டாம் என்பேன்.

இந்த வரலாறு முழுவதிலும் என்னை வியக்கவைப்பது 1931-இல் தொடங்கிய அந்தக் கணக்கெடுப்புதான். யார் இறந்தார், எப்படி இறந்தார், எந்த மோதலில் இறந்தார் என்று ஆண்டுதோறும் சலியாமல் எழுதிவைத்தார்கள். இன்று வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆய்வு மையம் அந்தப் பணியைத் தொடர்கிறது. அப்பட்டியல் இல்லாவிட்டால், 1968-இன் 36 மரணங்கள் 36 ஊர்களின் தனித்தனித் துயரங்களாகவே மறைந்திருக்கும். எண்ணியதால்தான் அவை ஒரு விதியாயின. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் கபடி ஆடுவதை நின்று பார்ப்பேன். பிடிபட்டவன் தலைகீழாக விழும்போது என் கை என்னை அறியாமல் இடுப்பைத் தடவும். நம் பள்ளித் திடல்களில் விழும் பிள்ளைகளை யாரேனும் எண்ணி எழுதிவைக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் தோன்றும்.

இந்த ஆண்டின் விதிநூலும் வந்து மேசையில் கிடக்கிறது. சாம்பல் நிற வரிகளைப் படித்து முடித்துவிட்டேன். அடுத்த வாரம் தேர்வு. அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளில் யாரேனும் ஒரு சிறுவன் விழுந்து எழுந்து, "சரியாக இருக்கிறேன்" என்று தலையை ஆட்டுவான். அவன் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன். ஆனால் அவன் எந்த வட்டத்தில் போய் நிற்கிறான் என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.